மூடி இல்லாத தொட்டியும் மூன்று வீட்டுச் சம்மதமும்

கல்கத்தாவுக்கு நான் போனது, நோய்களைப் பற்றி உலக நாடுகள் எப்படிக் கூடிப் பேசி முடிவெடுக்கின்றன என்று கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. போன இடத்தில், லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட முடியாமல் அந்த வாரம் முழுவதும் அல்லாடினேன். வருஷங்கள் கழித்து இதை எழுதும்போதும் எரிச்சல் அடங்கவில்லை.

என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டதும் எல்லோரும் என்னிடம் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. முனைவர் பட்டம் வாங்கியவள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் உலக நலவாழ்வு ஆளுகை என்று ஒரு பாடம் நடத்திவந்தேன். மருத்துவத் துறை இது அரசியல் என்றது. அரசியல் துறை இது மருத்துவம் என்றது. இரண்டு பேரும் தள்ளிவிட்டதில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை எனக்குக் கிடைத்தது. ஆராய்ச்சிக்காக ஜெனீவாவில், உலக நாடுகளின் நலவாழ்வுக் கூட்டங்களில், சில மாதங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிரதிநிதிகள் ஒரே வாக்கியத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். கடைசியில் யார் செய்வது, எப்போது செய்வது என்கிற இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருப்பதை ஒருமனதாக ஏற்றுக் கைகுலுக்குவார்கள். இந்த வழக்கத்தைத் திட்டி என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஸ் நோய் வந்துபோன மறு வருஷம் அது. அதுவரை என்னைத் திரும்பிப் பார்க்காதவர்களெல்லாம் திடீரென்று என்னைப் பயிலரங்குகளுக்குக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பவானிபூரில் ஒரு நிறுவனம் அப்படித்தான் கூப்பிட்டது. விருந்தினர் விடுதியில் தங்கலாம் என்றார்கள். என் சித்தி மகள் வசந்தா விடவில்லை. அவள் கணவன் ரகு வங்கி அதிகாரி, மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வசந்தாவுக்கு அப்போது ஏழாவது மாதம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்துபோயிருந்ததால், படுக்கையை விட்டு அதிகம் எழக்கூடாது, ரயில், விமானம் எதிலும் ஏறக்கூடாது என்று டாக்டர் கட்டிப்போட்டிருந்தார். பாளையங்கோட்டைக்குப் பிரசவத்துக்குப் போகும் பேச்சே இல்லை. "நீங்களாவது வந்து ஒரு வாரம் இருங்கக்கா" என்று போனில் சொன்னாள். வேறு நாட்டுக்குப் போகிற மாதிரிதான் புறப்பட்டேன். விசா மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். கல்கத்தா டாக்ஸிக்காரர்கள் முகத்தைக்கூடத் திருப்பாமல் "ஜாபோ நா", வர மாட்டேன், என்கிறார்கள். சென்னை ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்பார், திட்டுவார், ஆனால் வருவார். இங்கே காலி வண்டியை வைத்துக்கொண்டு, ஜன்னலில் கையை ஊன்றி, வர மாட்டேன் என்பதில் ஒரு நிம்மதி. ஐந்தாவது ஆள் வருகிறேன் என்றார், ஆனால் வழியில் நிறுத்தி ஒரு மண்கோப்பை டீயை நிதானமாகக் குடித்து முடித்த பிறகுதான் கிளம்பினார். எனக்கும் ஒன்று வாங்கிக்கொடுத்தார். அதனால் திட்டவும் முடியவில்லை.

வசந்தா சாயங்காலம் ஐந்து மணிக்கே கொசுவலைக்குள் இருந்தாள். அந்தத் தெருவில் மலேரியா சுற்றிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு மருமகளுக்கு வந்து குணமாகியிருந்தது. எதிர்வீட்டில் இரண்டு பேருக்கு. கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தைக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் வசந்தாவிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

ரகு என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினான். மூன்று வீட்டுக்கும் பொதுவான சிமெண்டுத் தொட்டி, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீருக்கு மேல் கொசுப்புழுக்கள் நெளிந்தன. கோடையில் அடித்த காற்றில் பழைய மூடி பறந்துபோய் உடைந்துவிட்டதாம். புதிய தகரமூடி தொட்டிக்குப் பக்கத்திலேயே கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தது. நல்ல கனமான மூடி, ரகு வாங்கிவந்தது.

"அப்ப போட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"போட்டேன்க்கா. மறுநாளே எடுத்து வெச்சுட்டாங்க."

அவன் சொன்ன கதை இது. வீட்டுக்காரர் கோஷ் பாபு மேல்மாடியில் இருக்கிறார். கீழ்வீட்டில் நாற்பது வருஷமாகக் குடியிருப்பவர் மித்ரா மாஷிமா. மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. காலி செய்யச் சொல்லி கோஷ் பாபு வழக்குப் போட்டுப் பல காலமாகிறது. நீதிமன்றம், தீர்ப்பு வரும்வரை எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. உத்தரவு வந்த நேரத்தில் தொட்டிக்கு மூடி இல்லை. கோஷ் பாபு மூடினால், மாஷிமாவுக்குத் தண்ணீர் தருவது தன் கடமை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார் அவர் வக்கீல். மாஷிமா மூடினால், பராமரிப்புச் செலவு தன் தலையில் விழும் என்றார் இவர் வக்கீல். ரகுவுக்காக நடுமாடியை வாடகைக்கு எடுத்திருந்த வங்கியையும் வழக்கில் சேர்த்துவிட்டதால் ரகுவும் கை வைக்கக்கூடாது. கொசுப்புழுவைத் தின்கிற மீன் விடலாம் என்று ரகு ஒரு யோசனை சொன்னானாம். மீன் யாருடையது என்கிற கேள்வி எழுந்து அதுவும் நின்றுவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். கீழே வந்ததும் வலைக்குள்ளிருந்து வசந்தா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"அக்கா, நீங்க உலகத்தையே ஒத்துப்போக வைக்கிறவங்க. இந்த மூணு வீட்டை ஒத்துப்போக வைக்க மாட்டீங்களா?"

நான் ஒத்துப்போக வைப்பவள் இல்லை, ஒத்துப்போனவர்களைப் பற்றி எழுதுகிறவள் என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒருத்தி கேட்கும்போது அதெல்லாம் வாயில் வருமா? சரி என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பயிலரங்கு. ஷேர் ஆட்டோவில் டாலிகஞ்ச் போய் அங்கிருந்து மெட்ரோ பிடிக்க வேண்டும். ஆட்டோ பாதி வழியில் நின்றது. எதிரே வந்த ஆட்டோக்காரர் நேற்று வரிசையை மீறி ஆள் ஏற்றினாராம். எங்கள் டிரைவர் அதைப் பற்றிப் பேச இறங்கினார். நம் ஊரிலும் இப்படி நடக்கும், ஆனால் பயணிகள் கத்துவார்கள், ஹாரன் அடிப்பார்கள். இங்கே என்னோடு இருந்தவர்களும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து, வாதம் செய்தார்கள். ஒரு பெரியவர் இரண்டு தரப்பும் சொல்வதைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மட்டும் வண்டிக்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

பயிலரங்கு ஒருங்கிணைப்பாளர் சுபீர், அரசியல் பேராசிரியர், எல்லோருக்கும் சுபீர்தா, அதாவது சுபீர் அண்ணன். நான் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டபோது, இன்னும் யாரும் வரவில்லை என்று ஆறுதல் சொன்னார். ஆசிரியர்களை நாடுகளாகப் பிரித்து ஒரு பாவனைப் பேச்சுவார்த்தை வைத்தோம். ஒரு நாட்டில் கொள்ளைநோய் வந்தால் எவ்வளவு சீக்கிரம் மற்ற நாடுகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது பொருள். 'உடனடியாக' என்றது ஒரு கட்சி. 'இயன்றவரை விரைவில்' என்றது இன்னொரு கட்சி. மதியம்வரை அங்கேயே நின்றார்கள். சின்னத் தீவு நாடாக நடித்த ஒரு பேராசிரியை, பெரிய நாட்டோடு ஒரே மேஜையில் சாப்பிட மாட்டேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் சைவம் என்று ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தேன். அதை மதித்து எனக்கு மீன் துண்டை எடுத்துவிட்டு மீன் குழம்பு வைத்தார்கள். கசகசா அரைத்துவிட்ட உருளைக்கிழங்கு மட்டும் இல்லையென்றால் அன்று பட்டினிதான். அதன் ருசியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது எழுதுகிற மனநிலை இல்லை.

செவ்வாய் மாலை கோஷ் பாபுவைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, வெளுத்த ஜிப்பா, நல்ல ஆங்கிலம். டீ வந்தது. சந்தேஷ் என்கிற பால் இனிப்பு வந்தது. கால்பந்து, மழை, சென்னை இசைவிழா எல்லாம் பேசினார். பிறகு தன் வாயுத்தொல்லையை விரிவாகச் சொன்னார். நான் டாக்டர் இல்லை என்றதும், அப்படியானால் இன்னும் நல்லது, மருந்து எழுதாமல் கேட்பீர்கள் என்று தொடர்ந்தார். தொட்டியைப் பற்றி நான் எடுத்தபோதெல்லாம் வருத்தமாகத் தலையசைத்தார்.

"பெரிய கஷ்டம், திதி. வசந்தா என் மக மாதிரி. ஆனா என் கை கட்டியிருக்கே" என்றார். திதி என்றால் அங்கே அக்கா. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "மாடிக்குப் போனீங்களா? சாயங்காலம் ஏரிக் காத்து நல்லா வரும். ரகு பாபு வேண்டாம், தனியா போங்க" என்றார்.

கீழ்வீட்டு மாஷிமாவும் அதே கடைச் சந்தேஷைத்தான் வைத்தார். நாற்பது வருஷக் குடித்தனத்தின் வரலாற்றை உடைந்த ஆங்கிலத்தில் தொடக்கத்திலிருந்து சொன்னார். மருமகளுக்குக் காய்ச்சல் வந்ததைச் சொல்லி அழுதார். தொட்டி விஷயம் மட்டும் வக்கீல் சொன்னபடிதான். நான் எழுந்தபோது என் தலையைத் தொட்டுப் பார்த்து, ஈரம் என்று கவலைப்பட்டார்.

"மத்தியானம் மாடியில போய்த் தலையை காய வைம்மா. அந்த நேரத்துல அங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. நானும் கதவைச் சாத்திட்டுத் தூங்கிடுவேன்."

தெருவெல்லாம் மலேரியா, இவருக்கு என் தலைமுடி ஈரம் கவலை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்தேன். வசந்தா என்ன ஆச்சு என்று கேட்டாள். இரண்டு சந்தேஷ் ஆச்சு என்றேன்.

புதன்கிழமை பந்த். எதற்கென்று கேட்டால் நான்கு பேர் நான்கு காரணம் சொன்னார்கள், ஆனால் வீட்டில் இருப்பதில் நான்கு பேருக்கும் ஒற்றுமை. நம் ஊரில் பந்த் என்றால் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துத் தெருவை எட்டிப்பார்ப்பார். இங்கே நடுத்தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பயிலரங்கு இல்லை, எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எனக்குப் பட்டது. டாலிகஞ்சில் இருந்த சுபீர்தாவுக்குப் போன் செய்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். இப்படி ஒரு பேச்சுவார்த்தையை நேரில் பார்க்கும் ஆசை அவருக்கு.

வசந்தா வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தோம். கோஷ் பாபுவும் மாஷிமாவும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அவரிடம் சொல்லுங்கள், அந்த அம்மாவிடம் கேளுங்கள் என்று ரகு மூலமாகவே பேசினார்கள். ஜெனீவாவில் இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன் என்பதால் எனக்குத் தெம்பாக இருந்தது. ரகு உப்புமா கிளறினான். சர்க்கரை போட மறந்துவிட்டான் பாவம் என்று மாஷிமா பரிதாபப்பட்டார். அந்த விஷயத்தில் கோஷ் பாபு அவரோடு ஒத்துப்போனார்.

முதல் வரைவில் ரகு மூடுவான் என்று எழுதினேன். வாடகைக்கு இருப்பவர் மூடினால் தொட்டி அவர் பராமரிப்பு என்று ஆகும் என்றார் கோஷ் பாபு. வங்கி மூடினால் தண்ணீரும் வங்கிக்குத்தான் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள் என்றார் மாஷிமா. வெளியிலிருந்து ஒரு பிளம்பர் என்றேன். பிளம்பரை யார் கூப்பிட்டது என்று இருவரும் ரகுவைப் பார்த்துக் கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் என்று எழுதினேன். வாரம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. உள்ளே வலைக்குள்ளிருந்து வசந்தா, "கொசு கடிச்சு முடிச்சதும் தொடங்குதுன்னு எழுதுங்கக்கா" என்றாள்.

கடைசியில் பேனாவை எடுத்து, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். யார் என்பதை அடித்தேன். எப்போது என்பதை அடித்தேன். தொட்டியின் உடைமை, பராமரிப்பு, குடியிருப்போர் உரிமை குறித்த எந்தத் தரப்பின் நிலைக்கும் பாதகமின்றி, தொட்டி மூடப்பட வேண்டும் என்பதை மூன்று தரப்பும் ஏற்கின்றன. அவ்வளவுதான் மிஞ்சியது. கோஷ் பாபு தன் வக்கீலுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினார். அந்த மனிதர் உடனே சரி என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாஷிமா மருமகளை அனுப்பிப் பூரியும் உருளைக்கிழங்கும் வரவழைத்தார். சுபீர்தா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமான வாசகத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். நானும் மகிழ்ந்துதான் போனேன். நாலு பூரி சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை பயிலரங்குக்குக் கிளம்புமுன் ரகு மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மூடி சுவரில்தான் சாய்ந்திருந்தது. எனக்குக் காதில் புகை வராத குறை. படியேறிப் போய்க் கோஷ் பாபுவைக் கேட்டேன். கண்டிப்பாக மூடப்பட வேண்டும், நாம்தான் ஒப்புக்கொண்டோமே என்றார். யார் மூடுவது என்றேன். அதை உங்கள் ஒப்பந்தம் சொல்லவில்லையே என்றார், என்னைப் புண்படுத்தக்கூடாது என்கிற குரலில். படியிறங்கிப் போய் மாஷிமாவைக் கேட்டேன். ரொம்ப நல்ல ஒப்பந்தம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று இருக்கிறேன் என்றார்.

அன்று வகுப்பில் என்ன பேசினேன் என்று தெரியவில்லை. மதியம் நிறுவன அலுவலகத்துக்கு ரகுவிடமிருந்து போன். வசந்தாவுக்குக் குளிர்க்காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போகிறேன், மாற்றுத்துணி எடுத்து வாருங்கள் என்றான். மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன். வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதின கையை ஒடித்துப் போடலாம் போல இருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. துணிகளைப் பையில் திணித்தேன். பையை வாசலில் வைத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்ற யோசனையே இல்லாமல், நேராக மொட்டைமாடிக்கு ஏறினேன். மூடியைத் தூக்க முடியவில்லை, இழுத்துக்கொண்டு போனேன். விளிம்பில் சாய்த்து, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி டமால் என்று விழுந்து மூடிக்கொண்டது. அங்கே கிடந்த கயிற்றால் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.

இறங்கும்போது கோஷ் பாபு தன் வாசலில் நின்றிருந்தார்.

"காத்து நல்லா இருந்ததா, திதி?"

நான் வெடித்துவிட்டேன். மூடிவிட்டேன், போய் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், என் பெயர், விலாசம் எல்லாம் எழுதித் தருகிறேன், என் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்று தமிழும் ஆங்கிலமுமாகக் கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொன்ன அன்னைக்கே போயிருக்கலாமே. நாங்க யாரும் தொடக்கூடாது. ஆளை வெச்சும் செய்யக்கூடாது. உங்களைக் கேட்டாலே நாங்க செஞ்ச மாதிரி. நீங்க ஒருத்தர்தான் வழக்குல இல்லாதவங்க. அதனாலதான் காத்து வாங்கப் போங்கன்னேன். தனியா போங்கன்னும் சொன்னேனே."

கீழே மாஷிமாவின் கதவு சாத்தியிருந்தது. நான் படியில் கால் வைத்ததும் திறந்தது. கஞ்சி நிரப்பிய பிளாஸ்க் ஒன்றை என் கையில் கொடுத்தார். தூக்கத்தில் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, பூனையாக இருக்கும் என்றார்.

பல வருஷமாக முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர், என் உதவி இல்லாமலே, ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள். அது புரியாமல் நடுவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் வரைவு எழுதிக்கொண்டிருந்த ஆள் நான்தான். அந்தப் பிளாஸ்கைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. வசந்தாவுக்கு வேண்டுமே என்று கொண்டுபோனேன்.

மலேரியாதான். ஆனால் முதல் நாளே கண்டுபிடித்து மருந்து தொடங்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கியது, வயிற்றில் குழந்தை நன்றாக இருந்தது. கடித்த கொசு எப்படியும் ஒன்றிரண்டு வாரத்துக்கு முந்தியது, நீங்கள் வந்த பிறகு நடந்ததோ நடக்காததோ காரணமில்லை என்று டாக்டர் எனக்குச் சமாதானம் சொன்னார். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் வரைவு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தொட்டியிலிருந்து வேறு எத்தனை கொசு கிளம்பி எந்த வீட்டுக்குப் போயிற்றோ.

வெள்ளிக்கிழமை நிறைவு விழாவுக்குத் தலையைக் காட்டினேன். சுபீர்தா எங்கள் ஒப்பந்தத்தை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். எதிரெதிர்த் தரப்புகளை ஒரே வாசகத்தில் கொண்டுவருவதற்கு இது மாதிரி என்று அரை மணி நேரம் பேசினார். கைதட்டினார்கள். தீவு நாட்டுப் பேராசிரியை எழுந்து, ஒரு திருத்தம் சொல்லலாமா என்றார். மூடி என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஒரு சால்வையும் ஒரு பெட்டி சந்தேஷும் கிடைத்தன.

சென்னைக்குத் திரும்பியதும் என் ஆய்வேட்டை எடுத்து அந்த அத்தியாயத்தைப் படித்தேன். பிரதிநிதிகளை நன்றாகத்தான் திட்டியிருக்கிறேன். படிக்கச் சகிக்காமல் மூடிவைத்தேன்.

பூஜை, தீபாவளி எல்லாம் முடிந்து வசந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரகு போனில் அழுதான், நானும் அழுதேன். சில மாதம் கழித்து ஒருநாள் வசந்தாவே கூப்பிட்டாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. தொட்டி மூடியே இருக்கிறதா என்று முதலில் கேட்டேன்.

"அதுக்குத்தான்க்கா கூப்பிட்டேன். யாரோ மூடிட்டாங்கன்னு ரெண்டு வக்கீலும் கோர்ட்டுல சொல்லிட்டாங்களாம். மூடினதும் இருந்தது இருந்தபடி இருக்கட்டும்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. இப்ப திறக்கவும் கூடாதாம். உள்ள கழுவ முடியாம அழுக்கு சேந்து, பாப்பாவைக் குளிப்பாட்டுற தண்ணி நாறுது." குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. "கோஷ் பாபு உங்களை ரொம்ப விசாரிச்சார். இந்த மாசம் ஏரிக் காத்து பிரமாதமா இருக்காம்."